தட்டிக் கேட்டவர்கள்

எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே ஒரு சுத்தியல் கிடக்கும். தலை சின்னது, இரண்டு பவுண்டுக்குச் சற்று மேல். பிடி மட்டும் ஏறக்குறைய மூன்று அடி. கல்யாணப் பந்தலுக்கு முளை அடிக்க, தேங்காய் உடைக்க என்று எதற்கெல்லாமோ அதை எடுத்திருக்கிறோம். எதற்கும் அது சரிப்பட்டதில்லை. ஒரு ஆணியைக்கூட ஒழுங்காக அடிக்க முடியாது. “பாதியா அறுத்துட்டா கைக்கு வாகா இருக்கும்” என்று அப்பா இரண்டு முறை ரம்பத்தை எடுத்தார். “அவரு சாமான், அப்படியே கெடக்கட்டும்” என்று பாட்டி தடுத்துவிட்டார்.

தாத்தாவைப் பற்றி எங்கள் வீட்டில் சொல்லப்பட்டதெல்லாம் ஒரே வரிதான். “ரயில்வேல கூலியா இருந்தாரு, கம்பிச்சடக்கு போட்டாரு.” அந்தச் சுத்தியலால்தான் அவர் தண்டவாளத்தை அடித்து இறுக்கினார் என்று நானும் நம்பியிருந்தேன். பள்ளிக்கூடத்தில் அப்படி ஒரு கட்டுரைகூட எழுதி நல்ல மதிப்பெண் வாங்கினேன்.

சில ஆண்டுகளுக்கு முன் சுத்தியலின் தலை ஆட ஆரம்பித்தது. ஆப்பு வைத்து இறுக்க கிள்ளானில் ஒரு பழைய இரும்புக் கடைக்குக் கொண்டுபோனேன். அங்கே பேப்பர் படித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்றவராம், அதைக் கையில் வாங்கினார். முகத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு கடை வாசலில் சாய்த்து வைத்திருந்த ஒரு பழைய இரும்புச் சக்கரத்தை இலேசாகத் தட்டினார். ணங் என்று ஓசை நீண்டுகொண்டே போனது.

“இது அடிக்கிற சுத்தி இல்ல தம்பி, கேக்குற சுத்தி. உங்க தாத்தா சக்கரம் தட்டுனவரா இருக்கணும்.”

நான் எழுதிய பள்ளிக்கூடக் கட்டுரை அந்த நிமிடத்தில் பொய்யாகிப் போனது. அதற்குப் பிறகுதான் பழைய ரயில்வே சுத்தியல்களைத் தேடிப் பார்க்க ஆரம்பித்தேன்.

மலாயாவின் முதல் ரயில் பாதை 1885 ஜூன் 1ஆம் தேதி தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்குத் திறக்கப்பட்டது. சுமார் 13 கிலோமீட்டர். அடுத்த ஆண்டு செப்டம்பரில் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றின் மறுகரையிலுள்ள புக்கிட் கூடா வரை இரண்டாவது பாதை வந்தது. ஆற்றைத் தாண்டிக் கிள்ளான் பட்டணத்துக்குள் ரயில் நுழைய 1890இல் பாலம் கட்டி முடியும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஈயத்தைச் சுரங்கத்திலிருந்து கப்பலுக்குக் கொண்டுபோவதுதான் இரண்டு பாதைகளுக்கும் நோக்கம். இன்று நாம் பிரிக்பீல்ட்ஸில் ஏறிக் கிள்ளானில் இறங்கும் கொமுட்டர் ரயில் பெரும்பாலும் அந்த 1886ஆம் ஆண்டுப் பாதையின் வழியேதான் போகிறது.

அந்தப் பாதையைப் போட்ட காலத்துச் சுத்தியலைக் கையில் எடுத்துப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது அதன் தலை. வழக்கமான சம்மட்டி போல் கட்டையாக இருக்காது. ஒல்லியாக, நீளமாக, இரண்டு பக்கமும் மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும். எட்டிலிருந்து பத்துப் பவுண்டு எடை இருக்கும். தண்டவாளத்தின் அடிப்பாகத்தைச் சிலிப்பர் கட்டையோடு பிடித்து வைப்பது நாய்த் தலை போன்ற கொண்டை உள்ள ஒரு பெரிய ஆணி. அதற்கு டாக் ஸ்பைக் என்று பெயர். அந்த ஆணி தண்டவாளத்தை ஒட்டியே இறங்க வேண்டும். கட்டையான சம்மட்டியால் ஓங்கி அடித்தால் ஆணியோடு சேர்த்துத் தண்டவாளத்திலும் அடி விழும். எஃகில் விழும் ஒரு சின்ன வெட்டு பின்னாளில் விரிசலாக வளரும். அதனால்தான் இந்த நீள மூக்கு. தண்டவாளத்தின் இந்தப் பக்கம் நின்றுகொண்டே அந்தப் பக்கத்து ஆணியையும் அடிக்கலாம்.

இங்கே சிலிப்பர் கட்டைகள் செங்கால் போன்ற வைரம் பாய்ந்த காட்டு மரங்களில் செய்யப்பட்டன. அவற்றில் ஆணி நேராக இறங்காது, முதலில் துளை போட வேண்டும். பிறகு இரண்டு பேர் எதிரெதிரே நின்று மாற்றி மாற்றி அடிப்பார்கள். ஒருவர் சுத்தியல் மேலே போகும்போது மற்றவர் சுத்தியல் கீழே வரும். தாளம் ஒரு நொடி தப்பினால் இரும்பும் இரும்பும் காற்றில் மோதும். அடிக்கும்போதே பாதையின் அகலம் சரியாக ஒரு மீட்டர் இருக்கிறதா என்று அளவுகோலை வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார் மண்டோர். வெயிலில் நாள் முழுக்க இதைச் செய்தவர்களுக்குப் பெயர் கூலி.

ரயில்வே சுத்தியல் என்று சந்தைகளில் விற்கப்படுபவற்றில் பாதிதான் இந்த ஆணிச் சுத்தியல்கள். மற்றவை வேறு வேறு வேலைகளுக்கு ஆனவை. பிடி போட்டிருப்பதால் சுத்தியல் போலத் தெரிந்தாலும் சில பொருள்கள் சுத்தியலே இல்லை. ஒரு பக்கம் உளி போலக் கூராகவும் மறுபக்கம் தட்டையாகவும் இருக்கும் ஒரு கருவி அப்படிப்பட்டது. தண்டவாளம் வெட்டும் உளி அது. ஒருவர் பிடியைப் பிடித்து அதைத் தண்டவாளத்தின் மேல் நிறுத்துவார். இன்னொருவர் சம்மட்டியால் அதன் தலையில் அடிப்பார். தண்டவாளத்தைச் சுற்றிலும் இப்படிக் கீறல் போட்டு, பிறகு தூக்கிக் கீழே போட்டால் கீறிய இடத்தில் உடைந்துவிடும். ஆகவே அந்தப் பிடி வீசுவதற்கு வைத்ததல்ல. அடிபடும் இடத்திலிருந்து கையைத் தள்ளி வைத்திருப்பதற்கு வைத்தது. அதன் தலையைப் பாருங்கள். அடி வாங்கி வாங்கி ஓரங்கள் காளான் குடை போலப் பிதுங்கியிருக்கும். அடித்த சுத்தியலுக்கும் அடி வாங்கிய கருவிக்கும் வித்தியாசத்தை அந்தக் காளான்தான் சொல்லும்.

ஒரு பக்கம் கூராகவும் மறுபக்கம் அகன்ற பட்டையாகவும் இருந்தால் அது பீட்டர். சிலிப்பர் கட்டைக்கு அடியில் ஜல்லியைக் குத்தி இறுக்கப் பயன்பட்டது. தலை சின்னதாக, உருண்டையாக, பிடி மெல்லியதாக வளைந்து கொடுத்தால் அது ஜல்லி உடைக்கும் சுத்தியல். கருங்கல்லை உட்கார்ந்தபடியே உடைக்க அந்த வளைவு உதவும், அதிர்வு மணிக்கட்டில் ஏறாது. சுத்தியல் முகத்தில் எழுத்தோ எண்ணோ புடைத்துக்கொண்டு நின்றால் அது மரத்தில் முத்திரை குத்தும் சுத்தியல். சிலிப்பர் கட்டையைப் பரிசோதித்து ஏற்றுக்கொண்டதன் அடையாளமாக அதால் ஒரு குத்து. கட்டையை அறுத்துக் கொண்டுவந்தவருக்குக் காசு கிடைக்குமா கிடைக்காதா என்பது அந்த ஒரு குத்தில் இருந்தது.

இந்தியாவில் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு சுத்தியல் உண்டு. அங்கே பல பாதைகளில் ஆணிக்குப் பதிலாகச் சாவி என்று சொல்லப்படும் இரும்பு ஆப்புகள் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டிருந்தன. ரயில் போகப் போக அவை தளரும். கீமேன் என்பவர் தினமும் காலையில் தன் பங்குக்கான சில மைல்களை நடந்து, தளர்ந்த சாவிகளைத் தட்டி இறுக்கிக்கொண்டே போவார். தோளில் சுத்தியல், கையில் சிவப்புக் கொடி. தமிழ்நாட்டில் ரயில் பாதை ஓரத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்த உருவம் நன்றாகத் தெரியும். அவரும் கேட்டுக்கொண்டேதான் நடந்தார். இறுகிய சாவிக்கு ஒரு சத்தம், தளர்ந்த சாவிக்கு வேறு சத்தம்.

இப்போது பாதையை விட்டுப் பட்டறைக்குள் போவோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செந்தூலில் ரயில்வேயின் மத்தியப் பட்டறை உருவானது. எஞ்சின்களையும் பெட்டிகளையும் பிரித்துப் பூட்டிய இடம் அது. ஆயிரக்கணக்கானவர்கள் அங்கே வேலை செய்தார்கள். செந்தூல் தமிழர் வட்டாரமானதற்கு அந்தப் பட்டறைதான் காரணம். 1945 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் அமெரிக்க பி-29 விமானங்கள் கோலாலம்பூரில் குறிவைத்துக் குண்டு போட்டதும் அதன் மேல்தான்.

பட்டறைச் சுத்தியல்கள் வேறு சாதி. எஞ்சின் கொதிகலனுக்குள் தண்ணீர் கொதித்துக் கொதித்துச் சுண்ணாம்பு போல ஒரு படிவு கட்டும். அதைக் கொத்தி எடுக்கும் சுத்தியலுக்கு இரண்டு பக்கமும் உளி முனை. ஒன்று நெட்டுக்கு இருந்தால் மற்றது குறுக்காக இருக்கும். ஒல்லியான ஆட்களும் பையன்களும் கொதிகலனுக்குள் நுழைந்து இந்த வேலையைச் செய்தார்கள். ரிவிட் அடிக்கும் சுத்தியலுக்கு முகம் சின்னதாகவும் தலை நீளமாகவும் இருக்கும். எஞ்சினின் வழவழப்பான உறுப்புகளில் கீறல் விழாமல் தட்ட செம்பிலும் ஈயத்திலும் தலை செய்தார்கள். இந்த மெத்தென்ற சுத்தியல்கள் இப்போது கிடைப்பது அபூர்வம். செம்புக்கு எடைக்கு நல்ல விலை உண்டு, உருக்கிவிடுவார்கள்.

நிலக்கரி உடைக்கும் சுத்தியல் எஞ்சினிலேயே இருக்கும். ஒரு பக்கம் சதுர முகம், மறுபக்கம் கூர் மூக்கு. ரவாங்குக்குப் பக்கத்தில் பத்து அராங் சுரங்கத்திலிருந்து 1915 முதல் நிலக்கரி வந்தது. அதை வாங்கியவர்களில் பெரியவர் ரயில்வே. அதற்கு முன் எஞ்சின்கள் விறகில் ஓடின. பிறகு எண்ணெய்க்கு மாறின. அதோடு அந்தச் சுத்தியலுக்கும் வேலை போனது. 1960இல் பத்து அராங் சுரங்கமும் மூடப்பட்டது.

இனி எங்கள் வீட்டுச் சுத்தியல்.

ரயில் பெட்டியின் சக்கரம் அந்தக் காலத்தில் ஒரே வார்ப்பாக இருக்காது. நடுப்பகுதியின் மேல் ஒரு எஃகு வளையத்தைக் காய்ச்சி மாட்டுவார்கள். மாட்டுவண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த இரும்பு விரியும், குளிர்ந்ததும் சுருங்கிக் கவ்விக்கொள்ளும். ஓட்டத்தில் அந்த வளையம் தளர்ந்தாலோ விரிசல் விட்டாலோ ரயில் தடம் புரளும். கண்ணுக்குத் தெரியாத இந்தக் கோளாறைக் கண்டுபிடிக்க அன்று இருந்த வழி, தட்டிக் கேட்பது. வண்டி நின்றதும் ஒருவர் நீளப் பிடிச் சுத்தியலோடு ஒரு பக்கம் தட்டிக்கொண்டே போய் மறுபக்கம் தட்டிக்கொண்டே திரும்புவார். நல்ல சக்கரம் மணி போல ஒலித்து நீளும். கெட்ட சக்கரம் தொப்பென்று அடங்கிவிடும். குனிந்து குனிந்து எழாமல் நூற்றுக்கணக்கான சக்கரங்களைத் தட்டத்தான் மூன்று அடிப் பிடி. ஓங்கி அடிக்கத் தேவையில்லை என்பதால்தான் தலை இலேசு. அப்பா அறுக்கப் பார்த்தது அந்த வேலையின் பாதியை.

இந்தச் சுத்தியலின் முகத்தில் காளான் பிதுங்கல் இருக்காது. நடுவில் காசு அளவுக்கு ஒரு வழவழப்பு மட்டும் இருக்கும். பெரியவர் விரலால் தடவியது அந்த இடத்தைத்தான்.

கொதிகலனிலும் இதே வேலை உண்டு. எஞ்சினின் நெருப்பறையையும் வெளிச்சுவரையும் நூற்றுக்கணக்கான சிறு கம்பிகள் பிணைத்திருக்கும். அவற்றில் எது உள்ளுக்குள் முறிந்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தட்டிக் கேட்டுத்தான் சொல்வார்கள். முறிந்தவற்றைக் கவனிக்காமல் விட்டால் கொதிகலனே வெடிக்கலாம்.

இதைப் படிக்கும்போது எனக்குச் சந்தைதான் ஞாபகம் வந்தது. நம் பெண்கள் மண்பானையைச் சுண்டிப் பார்த்துத்தான் வாங்குவார்கள். தேங்காயைத் தட்டிப் பார்த்தே முற்றலா இளசா என்று சொல்லிவிடுவார்கள். காசைச் சுண்டிப் பார்த்துச் செல்லாக்காசைக் கண்டுபிடித்தவர்கள் நம் கடைக்காரர்கள். அந்தக் காது ஒன்றும் நமக்குப் புதிதில்லை. அதற்கு மேல் ரயில்வேயில் பழக்கம் வேண்டும். ஒவ்வொரு வகைச் சக்கரத்துக்கும் ஒரு ஓசை. ஏற்றிய பெட்டிக்கும் காலிப் பெட்டிக்கும் வித்தியாசம் உண்டு. மழையில் நனைந்த சக்கரமும் அப்போதுதான் பிரேக் போட்டுச் சூடான சக்கரமும் வேறு மாதிரிப் பேசும். எழுதிவைத்துப் படிக்கிற பாடமில்லை, ஆண்டுக்கணக்கில் கூடவே நடந்து காதில் ஏற்றிக்கொள்ள வேண்டியது.

பட்டறையில் இன்னொரு பக்கமும் இருந்தது. ரிவிட் அடிக்கிறவர்களுக்கும் கொதிகலனுக்குள் இருந்து கொத்துகிறவர்களுக்கும் சில ஆண்டுகளில் காது மந்தமாகிவிடும். கொதிகலன்காரர் செவிடு என்று பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மருத்துவர்கள் அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். ஒரே பட்டறையில் ஒரு சுத்தியலுக்குக் கூர்மையான காது தேவைப்பட்டது. இன்னொரு சுத்தியல் காதைத் தின்றது.

1942இல் ஜப்பானியர்கள் சயாம் பர்மா பாதையை ஆரம்பித்தபோது மலாயாவின் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்களைக் கொண்டுபோனார்கள். 415 கிலோமீட்டர் பாதை, 1943 அக்டோபரில் முடிந்தது. அதற்கான தண்டவாளங்களில் ஒரு பகுதியை நம் கிழக்குக்கரைப் பாதையிலிருந்தே பெயர்த்துக்கொண்டு போனார்கள். பாறையில் வெடி வைக்கத் துளை போட ஒருவர் இரும்புக் கம்பியைப் பிடித்துத் திருப்பிக்கொண்டிருக்க இன்னொருவர் சம்மட்டியால் அதன் தலையில் அடிக்க வேண்டும். காய்ச்சலும் பட்டினியுமாக இருப்பவர் ஓங்கும் சம்மட்டிக்குக் கீழே கையைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அங்கே செத்தவர்களில் வெள்ளைக்காரக் கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. நம்மவர்களுக்குப் பெயர்ப் பட்டியல்கூட முழுதாக இல்லை.

பெயர் என்றதும் முத்திரை பற்றிச் சொல்ல வேண்டும். பழைய சுத்தியல்களின் பக்கவாட்டில் எழுத்துகள் வெட்டியிருக்கும். எப்.எம்.எஸ்.ஆர். என்று இருந்தால் 1901இல் உருவான ஐக்கிய மலாய் மாநில ரயில்வேயின் பொருள். எம்.ஆர். என்றால் போருக்குப் பிந்தைய மலாயன் ரயில்வே. கே.டி.எம். என்றால் அதற்கும் பிறகு. பக்கத்தில் ஒரு எண் இருக்கும், பெரும்பாலும் அது பவுண்டுக் கணக்கில் எடை. ஷெஃபீல்டு போன்ற ஊர்ப் பெயரும் இருக்கலாம். ஆனால் முத்திரையை மட்டும் வைத்துக் காலத்தைச் சொல்லிவிட முடியாது. 1930இல் வாங்கிய சுத்தியல் 1970 வரை உழைத்திருக்கும். நிர்வாகத்தின் பெயர் மாறினால் இரும்பைத் தூக்கிப் போடுவார்களா என்ன? பிடியை வைத்தும் சொல்ல முடியாது. இரும்பு இருக்கும் வரை பிடியை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். இரும்புத் தலையில் முதலாளியின் பெயர் இருக்கிறது. பிடித்தவரின் வியர்வை ஏறியது மரப்பிடியில், அது உளுத்துப் போய்விடுகிறது.

ரயில்வேயில் எல்லாத் தமிழர்களும் பெயரில்லாமல் போகவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஸ்டேஷன் மாஸ்டர்களும் கிராணிகளும் ஆங்கிலம் படித்தவர்கள். பிரிக்பீல்ட்ஸில் அவர்கள் கட்டிய கோயிலும் சங்கங்களும் நிற்கின்றன, குழுப் படங்கள் சுவரில் தொங்குகின்றன. கடிகாரம் பார்த்து விசில் ஊதியவரை நமக்குத் தெரியும். அதே பிளாட்பாரத்தில் சக்கரம் தட்டிப் பார்த்து “போலாம்” என்று கையசைத்தவரைத் தெரியாது. அவர் கையசைக்காமல் அந்த வண்டி கிளம்பியிருக்காது.

கூலி என்ற சொல்லோடு எனக்கு இருக்கும் சண்டை இதுதான். நாம் அதை இரக்கத்தோடுதான் சொல்கிறோம். ரத்தம் சிந்தினார்கள், முதுகெலும்பு ஒடிய உழைத்தார்கள் என்று மேடைகளில் பேசுகிறோம். உழைத்தார்கள், உண்மைதான். அதோடு சேர்த்து அவர்களுக்கு வேலை தெரிந்திருந்தது. ஒரு அங்குலம் பிசகாமல் ஆணி அடிக்கத் தெரிந்தது, எஃகின் நோயைக் காதால் கண்டுபிடிக்கத் தெரிந்தது. அன்றைய நிர்வாகம் அந்தத் திறமையை நாள் கூலியில் அளந்தது. நாமும் நாள் கூலி ஆட்களாக மட்டுமே அவர்களை ஞாபகம் வைத்திருக்கிறோம்.

அவர்கள் அப்படி நினைத்துக்கொள்ளவில்லை. 1962 டிசம்பரில் மலாயா முழுக்க ரயில்வே தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். நாள் கூலிக்காரர்களை மாதச் சம்பளக்காரர்களாக்க வேண்டும் என்பது கோரிக்கை. சுமார் மூன்று வாரம் ரயில்கள் ஓடவில்லை. கோரிக்கையில் வென்றார்கள். தட்டிக் கேட்பது என்பதற்குத் தமிழில் இன்னொரு அர்த்தமும் உண்டு அல்லவா?

இப்போது சக்கரங்கள் ஒரே வார்ப்பாக வருகின்றன. விரிசலைக் கண்டுபிடிக்கக் கேளா ஒலிக் கருவி இருக்கிறது. சிலிப்பர் கட்டை போய்க் கான்கிரீட் வந்துவிட்டது. டாக் ஸ்பைக்குக்குப் பதில் வளைந்த எஃகுக் கவ்விகள். செந்தூல் பட்டறையின் பழைய கட்டடம் ஒன்றில் நாடகம் நடக்கிறது. பிரிக்பீல்ட்ஸில் ரயில் பெட்டிகளைப் பிரித்துச் சேர்த்த யார்டின் மேல் 2001இல் கேஎல் சென்ட்ரல் எழுந்தது. ரயில்வே தொழிலாளர்களும் குடியிருந்த நூறு குவாட்டர்ஸ் வீடுகளை இடித்துவிட்டார்கள். காலி செய்த வீடுகளின் சாமான்கள் பழைய இரும்புக் கடைகளுக்குப் போய், அங்கிருந்து காப்பிக் கடைகளில் அலங்காரமாகத் தொங்குகின்றன.

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் இப்படி ஒரு சுத்தியல் இருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிடாதீர்கள். முகத்தில் இருக்கும் தேய்மானம்தான் அது செய்த வேலை. பிடியை அறுக்காதீர்கள். எடை போடுங்கள், அளந்து வையுங்கள், முத்திரை இருந்தால் மேலே தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படியெடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, யாருடையது, அவர் எந்த யார்டில் என்ன வேலை செய்தார் என்று வீட்டில் இருக்கும் மூத்தவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். “கூலி வேலை” என்று பதில் வந்தால் அதோடு விட்டுவிடாதீர்கள். என்ன கூலி வேலை என்று இன்னொரு தடவை கேளுங்கள்.

நான் பாட்டியிடம் அப்படிக் கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றியபோது பாட்டி இல்லை. அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். சுத்தியலைக் கையில் எடுத்துச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மாடிப்படியின் இரும்புக் கைப்பிடியை மெல்லத் தட்டினார். தொப்பென்று அடங்கியது.

“உள்ளுக்குள்ள துரு புடிச்சிருச்சு போல” என்றார்.